காயாத பெயின்ட்

டாக்டர்: மொதல்ல நீங்க உக்காருங்க சார். புள்ளை தெளிவாத்தான் இருக்கான். பதறறது நீங்கதான்.

அப்பா: குடிச்சுட்டான் டாக்டர்... என் கண்ணால பாத்தேன்.

டாக்டர்: என்ன குடிச்சான்னு வாசல்ல கேட்டதுக்கு ஜூஸ்னு சொன்னீங்களாம். நர்ஸ் சிரிச்சுட்டாங்க.

அப்பா: ஜூஸ் பாட்டில்தான்... ஆனா உள்ள இருந்தது தின்னர். பெயின்ட்ல கலப்பாங்களே, பிரஷ் கழுவறதுக்கு...

டாக்டர்: தெரியும். எவ்வளவு குடிச்சான்?

அப்பா: ரெண்டு மடக்கு இருக்கும். நான் பிடுங்கறதுக்குள்ள...

டாக்டர்: வாந்தி?

அப்பா: எடுக்கல. எடுக்க வைக்கலாம்னு நான்தான் வாய்க்குள்ள விரலை...

டாக்டர்: விட்டீங்களா?

அப்பா: கடிச்சுட்டான். இதோ பாருங்க, பல்லு பதிஞ்சிருக்கு.

டாக்டர்: நல்ல காரியம் பண்ணான்.

அப்பா: வலிக்குது டாக்டர்...

டாக்டர்: வலிக்கட்டும். தின்னர் குடிச்ச புள்ளைய வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேல வரும்போது மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா நுரையீரலே கெட்டுப்போயிடும்.

அப்பா: ஐயோ...

டாக்டர்: இருமினானா? மூச்சு எரைச்சுதா?

அப்பா: இல்ல. மூஞ்சியச் சுளிச்சுட்டு, "என்னப்பா இது, இனிப்பே இல்ல"ன்னான். அவ்வளவுதான்.

டாக்டர்: ம்... வாயத் தெற கண்ணா. ஆ... இன்னும் பெருசா... சரி. ஆச்சரியமா இருக்கே.

அப்பா: என்ன டாக்டர்? என்ன?

டாக்டர்: வாடையே வரல. தின்னர் குடிச்ச புள்ளை இந்தக் கதவுகிட்ட வரும்போதே எனக்குத் தெரியும். உங்களுக்கு வாடை வந்துச்சா?

அப்பா: எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம். மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியல. சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டான், அதைக் கழட்டி வீசிட்டு வேற போட்டுத் தூக்கிட்டு ஓடி வந்தேன்.

டாக்டர்: அந்த பாட்டில் எங்க?

அப்பா: அங்கயே... மாடி ரூம்ல உருண்டு கெடக்கும். எல்லாம் கொட்டிடுச்சு.

டாக்டர்: அதைக் கையோட கொண்டு வந்திருக்கணும் சார். எவ்வளவு ஓடி வந்தாலும் அது முக்கியம். இப்ப நான் குருடன் மாதிரி தடவிப் பாத்துட்டு இருக்கேன்.

அப்பா: புத்தி வேலை செய்யல டாக்டர்.

டாக்டர்: சரி. எக்ஸ்ரே எடுக்கலாம். சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கணும். சில சமயம் மொதல்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அதனால நல்லா இருக்கான்னு நானும் சொல்ல மாட்டேன்.

அப்பா: இவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கோம் டாக்டர். அவங்கம்மா தினம் பாடம் மாதிரி கேப்பா. ப்ளக்ல விரல் விடலாமா? அடுப்புகிட்ட போலாமா? மண்டை ஓடு படம் போட்ட டப்பாவத் தொடலாமா? டாண்டாண்ணு பதில் சொல்லுவான்.

டாக்டர்: இந்த பாட்டில் மேல என்ன படம்?

அப்பா: ஆரஞ்சுப் பழம்.

டாக்டர்: பாவம். பாடத்த சரியாத்தான் படிச்சிருக்கான்.

அப்பா: திட்டுங்க டாக்டர். இன்னும் நல்லா திட்டுங்க.

டாக்டர்: எனக்கு நேரம் இல்ல. ஃபினாயில், மருந்து, இதெல்லாம் வீட்ல எங்க வைக்கறீங்க?

அப்பா: எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டறதுக்குத்தான் ஒரு அலமாரி செஞ்சுட்டு இருக்கேன். அவங்கம்மா கேட்டா. மரவேலை எல்லாம் முடிஞ்சுது. பெயின்ட் அடிச்சு மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

டாக்டர்: எவ்வளவு நாளா பாக்கி?

அப்பா: அது... காயறதுக்கு டைம் எடுக்குது டாக்டர். காத்துல ஈரம்.

டாக்டர்: அவங்களுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?

அப்பா: சொன்னேன். லேசா வயித்து வலின்னு...

டாக்டர்: வயித்து வலியா?

அப்பா: உண்மையச் சொன்னா பஸ்ல வரும்போதே மயங்கி விழுந்துடுவா. டாக்டர், நீங்களும் கொஞ்சம்... வயித்து வலின்னே...

டாக்டர்: அந்த வேலை என்கிட்ட ஆகாது. நீங்களே சொல்லுங்க. அதோ, இந்தப் பக்கம் வேகமா வர்றாங்களே, அவங்களா?

அப்பா: ...அவதான்.

அம்மா: எங்க அவன்? ஏங்க, வயித்து வலிக்கு எதுக்கு இந்த வார்டு? வாசல்ல அவசரப் பிரிவுன்னு போட்டிருக்கு.

அப்பா: மெதுவா, மெதுவா. அவன் நல்லா இருக்கான். நர்ஸ்கூட எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கான்.

அம்மா: வயித்து வலிக்கு எக்ஸ்ரேயா? டாக்டர், என்ன ஆச்சு என் புள்ளைக்கு?

டாக்டர்: சார் சொல்லுவாரும்மா.

அம்மா: சொல்லுங்க.

அப்பா: வயித்து வலி இல்ல... ஒண்ணு குடிச்சுட்டான்.

அம்மா: என்னத்த?

அப்பா: மாடி ரூம்ல... நான் கொஞ்சம் கண் அசந்த நேரத்துல...

அம்மா: என்னத்தக் குடிச்சான்னு கேக்கறேன்.

அப்பா: தின்னர். அடிச்சிடேன், அதுக்குக்கூட நான் தயார்.

அம்மா: எந்தத் தின்னர்?

அப்பா: எந்தத் தின்னரா? வீட்ல என்ன, பத்து வகையா வச்சிருக்கேன்?

அம்மா: பதில் சொல்லுங்க. ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்ல, பெஞ்சுக்குக் கீழ இருந்துச்சே, அதா?

அப்பா: அதேதான்.

அம்மா: போன ஞாயித்துக்கிழமை அதுல பிரஷ் கழுவினேன்னு சொன்னீங்க.

அப்பா: ஆமா, சொன்னேன்... இப்ப எதுக்கு அது?

அம்மா: கழுவினீங்களா?

அப்பா: புள்ளை அங்க எக்ஸ்ரே ரூம்ல இருக்கான், நீ பிரஷ்ஷப் பத்திக் கேக்கறியே!

அம்மா: கடையிலேருந்து புதுசா வாங்கி அதுல ஊத்தினீங்களா? எங்கிட்ட மறைக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

டாக்டர்: சார், அவங்க கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. அது எவ்வளவு பழசு, எப்பத் தெறந்தீங்கன்னு எனக்கும் தெரியணும்.

அப்பா: அது... ஞாயித்துக்கிழமை கழுவல.

அம்மா: அதுக்கு முந்தின ஞாயிறு? "ரெண்டாவது கோட்டும் அடிச்சாச்சு, முதுகு விட்டுப்போச்சு"ன்னு என்னைத் தைலம் தேய்க்க வச்சீங்களே?

அப்பா: அன்னைக்கும் இல்ல.

அம்மா: அப்ப பெயின்ட்?

அப்பா: பெயின்ட் டப்பாவே தெறக்கலம்மா. நீ வாங்கிக் குடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. தின்னரும் கடையில அந்த பாட்டில்ல ஊத்தி வாங்கி வச்சதோட சரி, அப்புறம் மூடியக்கூடத் தொடல.

அம்மா: மாடியில அவ்வளவு நேரம் என்னதான் பண்ணீங்க?

அப்பா: தூங்கினேன்.

டாக்டர்: காத்துல ஈரம்னீங்க...

அப்பா: டாக்டர், நீங்க வேற. தரையில துணிய விரிச்சுப் படுத்தா அந்த ரூம்ல நல்லா காத்து வரும். இன்னைக்கும் அவனைப் பக்கத்துல விளையாட விட்டுட்டு அசந்துட்டேன். நான் அந்த அலமாரிய ஒழுங்கா முடிச்சு மாட்டியிருந்தா... என் புள்ளைக்கு இது வந்திருக்குமா? சொல்லு. நீ எவ்வளவு தடவை கேட்ட...

அம்மா: சத்தியமா அந்த மூடியத் தெறக்கல?

அப்பா: அவன் தலை மேல சத்தியமா.

அம்மா: அப்பாடா...

அப்பா: என்ன அப்பாடா?

டாக்டர்: அம்மா, தரையில ஏன் உக்காந்துட்டீங்க? இந்தாங்க, தண்ணி குடிங்க. அழாதீங்க, எக்ஸ்ரே வந்துடட்டும்.

அப்பா: டாக்டர், இவ அழல... சிரிக்கறா. அதிர்ச்சியில ஏதாவது ஆயிடுச்சா இவளுக்கு?

அம்மா: ஒண்ணும் ஆகல. உங்க சோம்பேறித்தனத்துக்குக் கோயில் கட்டணும்... அந்தத் தின்னரை நான் போன மாசமே பக்கத்து வீட்டு பெயின்டர்கிட்ட குடுத்துட்டேன் டாக்டர். இவரு பெயின்ட் அடிக்கற லட்சணம் என்னைக்கு வெளிய வரும்னு பாக்கறதுக்காக, பாட்டிலை நல்லாக் கழுவி, வெறும் தண்ணிய ஊத்தி, அதே எடத்துல வச்சிருந்தேன்.