தண்ணீர் குடித்த லாரி

மணி மத்தியானம் இரண்டு. இளிக்காதே. பேய் ராத்திரியில்தான் வர வேண்டும் என்று எந்த ஆபீசிலும் உத்தரவு போட்டு வைக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் சாலை… ஒரு மரம் இல்லை, ஒரு கடை இல்லை, போனில் சிக்னல் இல்லை. நடுவில் ஒரு கிழட்டு லாரி. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் என் நண்பனின் மாமா, அவன் அக்காவைக் கட்டியவர். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

மனுஷர் எப்படிப்பட்டவர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் வீணாகப் பரிதாபப்பட வேண்டாம். லாரிப் பட்டறை வைத்திருந்தார். பட்டப்பெயர் கரெக்ட்டு. 'நான் சொன்னா கரெக்ட்டா இருக்கும்' என்று வாய்க்கு வாய் சொல்வார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதற்குக்கூட. டிரைவர்கள் என்றால் அவருக்குப் புழு பூச்சி மாதிரி.

அந்த லாரியை ஓட்டியவன் வாயில்லாப் பூச்சி. மூன்று தடவை பட்டறைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, தண்ணி குறையுதுண்ணே. கீழ ஒரு சொட்டு ஒழுகல. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை… இனிப்பா ஒரு வாடை வருது."

இதைக் கேட்டால் பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வந்து, கம்ப்ரஷன் பாருடா என்று சொல்லும். ஒழுகாமல் தண்ணீர் குறைகிறது என்றால் இன்ஜினுக்குள் போகிறது, வேறெங்கே போகும்? ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கிற கேஜை மாட்டிப் பார்க்க அரை நாள் ஆகும். ஒரு டிரைவர் சொல்லி கரெக்ட்டு அதைச் செய்வதா? ஓட்டை அடைக்கிற பொடி ஒரு பொட்டலத்தை ரேடியேட்டரில் கொட்டினார். அதுதான் அவருடைய வைத்தியம்.

"ஓட்டத் தெரியாதவனுக்கு எந்த வண்டிடா இழுக்கும்? ரெண்டு கேன் தண்ணி வெச்சுக்க. ஊத்திக்கிட்டே போ."

ஊற்றிக்கொண்டே போனான். மூன்றாம் நாள் அதே நாற்பது கிலோமீட்டர் சாலையில், லாரியின் நிழலில் செத்துக் கிடந்தவனைக் கண்டெடுத்தார்கள். உதடு வெடித்திருந்தது. இரண்டு கேனும் காலி, குடிக்க வைத்திருந்த பாட்டிலும் காலி. ரேடியேட்டர் மட்டும் கழுத்து வரை நிரம்பி இருந்தது. தண்ணீர் இருந்து என்ன, சிலிண்டருக்குள் கசிந்த தண்ணீர் அடைத்துக்கொண்டு இன்ஜின் கிளம்பவில்லை. பொடி கரைந்த அந்தத் தண்ணீரை மனுஷன் குடிக்கவும் முடியாது.

லாரியை இழுத்து வந்தார்கள். இப்போது கேஜை எடுத்தார் மகராசன். ஐந்து சிலிண்டரில் நானூறுக்கு மேல் காட்டிய முள், மூன்றாவதில் இருநூறோடு நின்றது. ஒரு கரண்டி ஆயில் விட்டுப் பார்த்தார். ஏறவில்லை. அப்படியென்றால் பிஸ்டன் ரிங் தேயவில்லை, கோளாறு மேலே. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினார். அதற்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடான கேஸ்கட்டில், மூன்றாவது சிலிண்டருக்கும் தண்ணீர் போகும் துளைக்கும் நடுவே, தீக்குச்சி அகலத்துக்கு எரிந்து போயிருந்தது. செத்தவன் சொன்னது அத்தனையும் சரி.

கரெக்ட்டு என்ன செய்தார் தெரியுமா? எரிந்த கேஸ்கட்டை நாலாக மடித்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டார். லாரி முதலாளியிடம், "டிரைவர் சூடாக்கி எரிச்சுட்டான்" என்றார். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறான் என்ற தைரியம். தூ.

புது கேஸ்கட் போட்டார். ஆறு சிலிண்டரிலும் நானூறு. ரேடியேட்டருக்குக் கைப்பம்பால் காற்றழுத்தம் கொடுத்து ஒரு மணி நேரம் வைத்தார். முள் அசையவில்லை. ஆயில் சுத்தம், புகை இல்லை. ஆனாலும்… தினமும் காலையில் ஒரு கேன் தண்ணீர் குறைந்திருந்தது. கீழே தரை காய்ந்து கிடந்தது.

"நீ பாத்தது கரெக்ட்டுன்னா நீயே ஓட்டிட்டு வா" என்றார் முதலாளி. முடியாது என்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால்தான் அந்தச் சாலை, அந்த இரண்டு மணி.

நிறுத்தினார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, துணி போட்டு மூடியைத் திறந்தார். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. முதல் கேனைச் சரித்தார்.

மடக்… மடக்… மடக்.

கை நின்றது. தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் அவருக்குத் தெரியாதா? இது அது இல்லை. இது தொண்டை. நடுவில் மூச்சு வாங்கியது…

இரண்டாவது கேன். மடக்… மடக்… அதுவும் போனது. இனிப்பு வாடை குப்பென்று வந்தது. ரேடியேட்டர் வாய்க்குள்ளிருந்து, வறண்டு கம்மிய குரல்…

"அண்ணே… இன்னும் கொஞ்சம் இருக்காண்ணே?"

இருந்தது. அவர் குடிக்க வைத்திருந்த ஒரு பாட்டில். வேறு யாராக இருந்தாலும் பயத்திலாவது ஊற்றியிருப்பான். கரெக்ட்டு மூடியை வைத்து இறுக்கித் திருகினார். பாட்டிலைத் திறந்து, அங்கேயே நின்று, கடைசிச் சொட்டு வரை தானே குடித்தார். பிறகு ஏறி சாவியைத் திருப்பினார்.

ஒரே அடியில் கிளம்பியது லாரி. முள் பாதியில் போய் உட்கார்ந்தது. ஏற்றமெல்லாம் சும்மா இழுத்தது. முதலாளி வீட்டு வாசலில் மூடியைத் திறந்தால்… கழுத்து வரை தண்ணீர்.

சிரித்தார் கரெக்ட்டு. சிரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, ஐந்து சொம்பு. தொண்டை நனையவில்லை.

இன்றைக்கும் நனையவில்லை. ராத்திரி தலைமாட்டில் வைக்கிற குடம் விடிவதற்குள் காலி. உதடு வெடித்து ரத்தம் கசிகிறது. நண்பனின் அக்கா அழுதுகொண்டே பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன்… எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் சீட்டை மடித்துக் கொடுத்தார்.

"எங்கயும் ஒண்ணும் இல்லைங்க. தண்ணி மட்டும் நிறைய குடிச்சுக்கிட்டே இருங்க."

அந்த லாரி இன்னும் ஓடுகிறது. மூன்று வருஷமாக யாரும் அதற்கு ஒரு சொட்டு ஊற்றியதில்லை. தினமும் விடியும் நேரத்தில், நின்ற இடத்திலேயே, மூடி வழியாக ஒரு குடம் தண்ணீர் வழிகிறதாம்… குடிக்கிற தண்ணீர்.