பெல் அடித்தால் தடுப்பைத் திறக்கலாம்

— பெல்லு கேட்டுது, தடுப்ப இழுத்தேன். நடந்தது இவ்ளோதான். இதுல இன்னா எழுதச் சொல்றீங்க, வாத்தியாரே?

— நடந்ததத்தான் எழுதச் சொல்றேன், ஏட்டையா. கூட ஒரே ஒரு வரி. ‘மாணவி இளமதி அன்றைக்குத் தாமதமாக வந்தாள்.’ பதினோரு மணிக்கு சப் கலெக்டர் விசாரணைக்கு வந்துருவாரு.

— லேட்டா வந்துதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பார்க்கும்போது அந்தப் புள்ள லாரிக்கு அடியில கெடந்துது.

— கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. நம்ம ஏற்பாடு எப்பிடி வேல செய்யுது? எட்டரை மணியிலேர்ந்து சிப்காட் கம்பெனிங்களுக்குப் போற லாரி எல்லாத்தயும் இங்கியே, பள்ளிக்கூடத்துக்கு முன்னூறு அடி தள்ளி நிறுத்துறீங்க. ஒம்பதே காலுக்குப் பெல். பெல் அடிச்சா கேட்டு சாத்திருவோம். கேட்டு சாத்தியாச்சுன்னா ரோட்டுல ஒரு புள்ள இல்லன்னு அர்த்தம். அப்ப தடுப்ப எடுக்கலாம்.

— அதான் நான் வாட்ச்சு பார்க்கறதையே வுட்டேன். ஒங்க பெல்லுதான் எனக்கு வாட்ச்சு. இருவத்தாறு வருச சர்வீஸ்ல காத நம்பிக் கெட்டது இதான் மொதல் தடவ.

— ஏற்பாட்டுல தப்பே இல்ல. லேட்டா வர்ற புள்ள மட்டும்தான் அதுக்கு வெளிய நிக்கும். அதுக்குத்தான் அந்த வரி. அது இல்லன்னா பழி ஒங்க மேல விழும். இல்ல, தடுப்பு மேல விழும். தடுப்ப எடுத்துட்டா நாளைக்கே எழுநூறு புள்ளைங்க நடுவுல டேங்கர் பூந்து வரும், பழையபடி.

— லாரி ஓனருங்க அதுக்குத்தான காத்துக்கினு இருக்கானுங்க. நேத்து ஒருத்தன் கேக்கறான், ‘இன்னா சடையப்பா, புள்ளைங்களக் காப்பாத்துற தடுப்பே புள்ளைய அடிச்சுட்டுதாமே’ன்னு.

— அதுக்குப் பதில் இந்தா, இந்தத் துணி. ரெண்டும் ஒரே வேட்டியில கிழிச்சது. இது ஜூன் மாசம், தடுப்பு வர்றதுக்கு முன்ன ஒரு வாரம் கேட்டுல கட்டி வெச்சது.

— அடுப்புல சட்டி எறக்குற கரித்துணி மாரி இருக்கு.

— இது ஆகஸ்டு. தடுப்பு வந்த பிறகு, அதே மாதிரி ஒரு வாரம்.

— ம். வெளுப்பாத்தான் இருக்கு.

— ஏன் தெரியுமா? முன்ன கேட்டு வாசல்லயே, புள்ளைங்க நடுவுல லாரி நின்னு நின்னு கெளம்பும்; அப்பிடிக் கெளம்பும்போதுதான் பொக ஜாஸ்தி. பாரத்த இழுக்க இன்ஜினு டீசல அள்ளிக் குடிக்குது. அவ்ளோத்தயும் எரிக்கக் காத்து பத்தாது. மிச்சம்தான் கரியா வருது. பொகக் குழாயோட வாய் நம்ம இடுப்புக்குக் கீழ. ஒண்ணாவது படிக்கிற புள்ளைக்கு அது மூக்கு. அதுக்காகத்தான் மூணு வருசம் கலெக்டர் ஆபீஸ் படி ஏறினேன், ஏட்டையா.

— நீங்க சொன்னா லாரிக்காரனே தலையாட்டுவான். அது இன்னா நோட்டு?

— வரிசைக் கணக்கு. தெனம் பெல் அடிக்கறதுக்கு முன்ன இங்க எத்தன லாரி நிக்குதுன்னு. முப்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு, முப்பத்தாறு... இவ்ளோ லாரியும் புள்ளைங்க நடுவுல போயிருக்கும்னு சப் கலெக்டர்கிட்ட காட்டலாம்.

— நான் எண்ணல. நீங்க அந்நேரம் கேட்டுல நிப்பீங்க. யாரு எண்றது?

— புள்ளைங்கதான். கணக்கு நல்லா வர்ற புள்ளைங்க.

— செவ்வாக்கெழமைக்கு மட்டும் நம்பரக் காணோம்.

— அன்னிக்குத்தான் விபத்து ஆயிடுச்சே.

— விபத்து பெல்லுக்கு அப்பறம் ஆச்சு. நீங்க எண்றது பெல்லுக்கு முன்ன. அன்னிக்கு வரிசை ரயில்வே கேட்டு வரைக்கும் நின்னுது, வாத்தியாரே. எண்ணி முடிக்கவே நேரம் ஆயிருக்கும்.

— அன்னிக்கு யாரும் போகல. வரியப் போடுங்க, நேரமாவுது.

— தோ, அந்தப் புள்ளையோட அம்மாவே வருது. அது வாயால சொல்லட்டும், எழுதறேன். வாம்மா அமிர்தம். இப்பிடி நெழலுக்கு வா.

— ஆபீசரு வந்துட்டாருங்களா?

— இன்னும் இல்ல. செவ்வாக்கெழம உம் பொண்ணு வூட்ட வுட்டு எத்தினி மணிக்குக் கெளம்புச்சு?

— தெரியலிங்க. நான் அஞ்சரைக்கே கம்பெனி கூட்ற வேலைக்குப் போயிட்டேன். ரெண்டு கொடம் தண்ணி புடிச்சு வெச்சுட்டுப் பள்ளிக்கூடம் போடின்னு சொன்னேன். அதான் லேட்டாயிட்டா. சாவுக்கு வந்தப்ப சார்தான் சொன்னாரு, புள்ள லேட்டா வந்துட்டுதும்மான்னு. நானே கொன்னுட்டேன், ஏட்டையா. ரெண்டு கொடம் தண்ணிக்கு.

— அப்பிடிப் பேசாதீங்கம்மா. ஒங்க மேல யாரும் குத்தம் சொல்லல.

— தெருவுல ஒவ்வொருத்தரயாக் கேட்டேன் சார், கொழாயில அன்னிக்குத் தண்ணி எப்ப வந்துதுன்னு. அன்னிக்குச் சீக்கிரமே வந்துடுச்சுன்றாங்க.

— அமிர்தம்மா, இப்ப அதெல்லாம் எதுக்கு? வெயில்ல வந்துருக்கீங்க. மொதல்ல உக்காருங்க.

— வாத்தியாரே, அது பேசட்டும். நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கினு இருக்கியே, அது இன்னாம்மா?

— அவ பொஸ்தகப் பை. பக்கத்துல உக்கார்ற பொண்ணு வெண்மதி நேத்து கொண்டாந்து குடுத்துச்சு. கிளாசுல பெஞ்சு மேலயே இருந்துச்சாம், சோத்து டப்பாவோட. சார், நான் படிக்காதவ. நீங்கதான் எல்லாத்தயும் பொறுமையா வெளக்கிச் சொல்வீங்கன்னு எம் பொண்ணு சொல்லுவா. கேட்டு சாத்தினப்பறம் வந்த புள்ளையோட பை எப்பிடி சார் கிளாசுக்குள்ள இருந்துச்சு?