மூக்குல குடியிருந்தது

இல்ல தம்பி, அவசரப்பட்டா வேலைக்காவாது. உக்காருங்க. உங்க சம்சாரத்துக்கு வலி இப்பத்தான் லேசா கண்டிருக்குன்னு நீங்களேதான சொன்னீங்க? தனக்கொடிகிட்ட சொல்லியாச்சு. உள்ளதான் இருக்கா. வருவாளா மாட்டாளான்னு என்னைக் கேக்காதீங்க. இத்தினி வருஷம் குடும்பம் நடத்தியும், எம் பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது.

சிரிக்கிறேன்னு கோச்சுக்காதீங்க. எங்க வாசப்படியில ஆளு வந்து நின்னு எவ்ளோ நாளாச்சு! உங்க அம்மா இந்தத் தெருவுல வந்தா, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தாண்ட ஓரமாத்தான் போவாங்க. பாவம், எங்க வாசல்ல கிருமி பாய் விரிச்சிப் படுத்திருக்குதுன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. அதே அம்மாதான் உங்களை அனுப்பினாங்களா? நல்லா இருக்கட்டும்.

முழுசாத் தெரியாதா உங்களுக்கு? ஊருல பேசிக்கிட்டது மட்டும்தானா? அப்பக் கேளுங்க.

ராஜாங்கம் டாக்டரோட பிரசவ ஆஸ்பத்திரியில இவதான் மருத்துவச்சி. பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலத்துலேருந்து. உங்க மூத்தவனையும் இவதான எடுத்தா? போன மழைக்காலத்துல அங்க பொறக்குற கொழந்தைக்கெல்லாம் கொப்புளம். அக்குளு, தொடையிடுக்கு, எங்க பாத்தாலும் சீழு. வீட்டுக்குப் போன தாய்ங்களுக்கு மாருல கட்டி. டாக்டரு என்ன பண்ணாரு? பெனிசிலின். அவருக்கு அது குலதெய்வம் மாதிரி. காலையில ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. கிருமி அதையும் குடிச்சிட்டு ஏப்பம் விட்டுச்சு.

அப்புறம் குத்தவாளியத் தேட ஆரம்பிச்சாரு. பாரீசுல போயி படிச்ச மூளை, சும்மாவா? மொதல்ல அகப்பட்டவங்க பிள்ளைச்சாவடியிலேருந்து பேரப்புள்ளையப் பாக்க வர்ற மீன்காரம்மாங்க. கேட்டுக்கு வெளியவே நிறுத்துனாரு. கொப்புளம் நிக்கல. அடுத்தது கருவாட்டுக் கொழம்பு. தாய்ங்க வாயைக் கட்டுனாரு. அதுலயும் நிக்கல. சொவத்துக்கு வெள்ளை, தரைக்கு பினாயிலு. கடைசியில ஜன்னலோரம் நின்ன பவழமல்லி மரத்தையும் வெட்டிப்புட்டாரு. அது என்ன பண்ணுச்சு, உள்ள வந்து கொழந்தைக்கு முத்தமா குடுத்துச்சு?

அதுக்குள்ள ரெண்டு கொழந்தை போயிடுச்சு தம்பி. கொப்புளத்துலேருந்து ரத்தத்துல எறங்கிடுச்சாம்.

அப்பத்தான் மெட்ராசுலேருந்து ஒரு டாக்டரம்மாவை வரவழைச்சாங்க. ஷரீபான்னு பேரு. கிருமி என்னா ஏதுன்னு பாக்குறதுதான் அவங்க படிப்பே. கொழந்தைங்க சீழைப் பஞ்சுக் குச்சியில தொட்டு எடுத்தாங்க. அப்புறம் நர்சு, சமையக்காரி, பெருக்குறவங்க, எல்லாரையும் நிக்க வச்சு மூக்குல குச்சி. டாக்டரு, நீங்களும் காட்டுங்கன்னாங்க. ஆம்போஸிபிள், நடக்கவே நடக்காதுன்னு பிரெஞ்சுல குதிச்சாரு மனுஷன்! பின்ன, பிரான்சு காத்து வாங்குன மூக்காச்சே, அதுல போயி கிருமி குடியிருக்குமா? கடைசியில காட்டுனாரு. அந்தம்மா மேலயே தும்மிட்டு.

ரத்தம் கலந்த தட்டுல அதைத் தடவி சூட்டுப் பெட்டியில வச்சா, மறுநாள் பொட்டுப் பொட்டா மொளைக்குமாம், தங்கக் கலருல. தாலிக்குண்டாட்டம் அழகா இருந்துச்சுன்னு தனக்கொடி வந்து சொன்னா. அப்புறம் முயல் ரத்தத்தோட தெளிவுல அதைக் கலந்து பாப்பாங்களாம். கட்டியா ஒறைஞ்சா கெட்ட ரகம். ஒறையலன்னா சாது.

அந்தக் கெட்ட ரகம் நெறைய பேரு மூக்குல இருந்துச்சு. டாக்டரு மூக்குலயும்! அன்னைக்கு ஆஸ்பத்திரியே வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுது. ஆனா ஷரீபாம்மா சிரிக்கல. ஒரே கலருன்னா ஒரே கிருமின்னு ஆயிடுமா, கிருமியத் திங்கிற கிருமின்னு ஒண்ணு இருக்கு, எதை எது திங்குதுன்னு பாத்தாத்தான் ரகம் பிரியும்னு எங்கியோ வெளியூருக்கு அனுப்பிட்டாங்க. பதில் வந்துச்சு. டாக்டரு மூக்குல இருந்தது வேற. கொழந்தைங்க சீழுல இருந்த ரகம் ஒரே ஒரு மூக்குலதான் இருந்துச்சு.

யாரு மூக்குன்னு நான் வேற சொல்லணுமா?

ஒரு சளி கிடையாது தம்பி அவளுக்கு, ஒரு கட்டி கிடையாது. கை கழுவாம கொழந்தையத் தொட்டவளும் இல்ல. ஆனா கழுவுன கை சும்மா இருக்குதா? வேர்வையத் தொடைக்குது, மூக்கைத் தொடுது. யாரு கவனிக்கிறா? ஷரீபாம்மா அவளைத் தனியா கூட்டிட்டுப்போயிதான் சொன்னாங்க. நீ அதைக் கூப்புடல, அது வந்ததும் உனக்குத் தெரியாது, உம்மேல தப்பு இல்லம்மான்னு. டாக்டரு? வாசல்ல நின்னு, கண்டுபிடிச்சாச்சு, தனக்கொடிதான்னாரு. என்னமோ அவரே ஒவ்வொரு மூக்கா எட்டிப் பாத்தவராட்டம்! அப்புறம் ஊருக்குக் கேக்கணுமா? விஷ மூக்குக்காரின்னு பட்டமே கட்டிட்டாங்க.

வேலைய விட்டு நிறுத்தி மூக்குக்கு மருந்து போட்டாங்க. மருந்து சோப்பு போட்டுத்தான் குளிக்கணும், கட்டுற சீலையிலேருந்து தலகாணி உறை வரைக்கும் வேகவைக்கணும். ஆஸ்பத்திரியிலயும் கொழந்தைக்கொரு தொட்டிலு, தனித்தனி துணி. ஒண்ணைத் தொட்டா கை கழுவிட்டுத்தான் அடுத்தது. மூக்கு வாய் மூடுற துணி நான்தான் தெச்சுக் குடுத்தேன், தையக்காரன்தான நான்? டாக்டரு அளவுக்குத்தான் துணி கொஞ்சம் கூடவே செலவாச்சு. எல்லாம் பண்ணப்புறம் கொப்புளம் அப்பிடியே அடங்கிப்போச்சு.

இவளுக்கும் திரும்பத் திரும்ப குச்சி விட்டுப் பாத்தாங்க. இப்ப தட்டுல ஒண்ணும் மொளைக்கல, வேலைக்கு வரலாம்னு ஷரீபாம்மாவே சொல்லிட்டாங்க. இவ போகல. எதிர்வீட்டுக் கொழந்தை தவழ்ந்து வந்தாக்கூட எந்திரிச்சு உள்ள போயிடுவா. ஊரு இவளைப் பாத்து ஓடுச்சு, இவ கொழந்தைங்களைப் பாத்து ஓடுறா.

என்ன முணுமுணுக்கிறீங்க? சும்மா சொல்லுங்க. பெத்து பறிகொடுத்தவங்க வயித்தெரிச்சல் லேசுல விடாதுன்னு உங்க அம்மா சொன்னாங்களா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க.

சத்தமா? தோட்டத்துல தண்ணி ஊத்துற சத்தம். கை கழுவுறா. அப்ப வர்றான்னுதான் அர்த்தம். முழங்கை வரைக்கும் தேய்ப்பா, செத்த நேரம் ஆவும்.

ஊத்துறது எங்க பொண்ணு, லட்சுமி. நீங்க வந்து கேட்டதும் அவதான் உள்ள போயி, எந்திரிம்மா, போயிட்டு வாம்மான்னு கையப் புடிச்சி எழுப்பிட்டா. நான் சொன்னா கேக்க மாட்டா, ஆஸ்பத்திரியே வந்து சொன்னாலும் கேக்க மாட்டா. லட்சுமி சொன்னா கேக்காம இருக்க முடியாதில்ல?

ஏன்னா, மொதல்ல போன கொழந்தை லட்சுமியோடதுதான். அவளைப் பெத்த ஆத்தாதான் பிரசவம் பாத்தா.

சரி, எந்திரிங்க தம்பி. ரிக்‌ஷா எங்க நிக்குது?