டெம்பரவரி என்றால் என்ன?

எஸ்டேட் மேனேஜரே, ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்து உங்கள் கூலியாட்களை நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள். சாந்தன்பாறை பஸ்ஸில் என் முன்சீட்டில் உங்கள் ஏலத்தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"டெம்பரவரி ஆளுக எல்லாம் லயத்து வீட்டைக் காலி பண்ணணுமாம், மைனி."

"எங்கம்மாவும் டெம்பரவரி, நானும் டெம்பரவரி. சாகுற வரைக்கும்னுல்லா அதுக்கு அர்த்தம்னு நெனச்சேன்."

"நெனச்சுக் கிழிச்ச! கொஞ்ச நாளைக்குன்னு அர்த்தமாம். எம்மவ பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து சொன்னா."

"அப்ப என் வயித்துல இருக்கது பொறந்து எங்க கெடக்கும்?"



நீங்கள் சொல்லுங்கள். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு டெம்பரவரி என்றால் என்ன அர்த்தம்?