பதினோரு வீட்டு விருந்தாளி

— நான் டீ குடிக்க வரல, டென்சில். லேனர் ஊர்ல ரொட்டிக்கடைக்காரர் வீட்ல ஏழு பேர்னு டைப் அடிச்சிருக்கீங்க. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்ல ஆறு பேர்தான் இருக்காங்க.

— குங்குமப்பூ பன்னாவது எடுத்துக்கோங்க தாயி. ஹில்டாம்மா கோவம் வெறும் வயித்துக் கோவம்.

— பேச்சை மாத்தாதீங்க. நீங்க தாளைப் பார்த்து அடிக்கறீங்க, நான் சரிபார்க்கறேன். சம்பளமில்லாத வேலைன்னாலும் விதி ஒண்ணுதான். கண்ணுல படறதை மட்டும் அடிக்கணும். எங்கெங்கேயோ இருக்கறவங்க காசில்லாம நம்ம தளத்தைத் திறந்து தன் குடும்பத்தைத் தேடறாங்க. சரியா?

— சரிதான் தாயி.

— அப்ப யாரு இது, லொவேனா பாஸ்கோ, நாலு வயசு, விருந்தாளி? அந்தக் காலத்து கார்ன்வால்ல பொண்ணுங்கன்னா மேரி, கிரேஸ், ஜேன். லொவேனான்னு வெக்க ஆரம்பிச்சதே நம்ம காலத்துலதான். சந்தேகப்பட்டுத் தேடினா பதினோரு வீட்ல இருக்கா. பதினொண்ணும் நீங்க அடிச்ச பக்கம். உங்க பேரும் பாஸ்கோதானே?

— என் பொண்ணு தாயி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணுல கணக்கெடுத்தாங்களே, அதுக்கு அடுத்த மாசம் பொறந்தா. அடுத்த கணக்கு ரெண்டாயிரத்து ஒண்ணுல. அதுக்குள்ள போயிட்டா. எந்தக் கணக்குலயும் அவ இல்ல. நூறு வருஷம் கழிச்சு யார் தேடினாலும் கிடைக்க மாட்டா.

— எனக்குத் தெரியாது டென்சில். மன்னிச்சுக்கோங்க.

— பார்த்துப் பார்த்துத்தான் வெச்சேன். பிள்ளைங்க நிறைய இருக்கற வீடு. ரொட்டிக்கடை வீட்ல பசிக்காதுல்ல. கடலோரத்துல ஒரு வீடுகூட வெக்கல.

— மகள்னு போடாம ஏன் விருந்தாளி?

— மகள்னு போட்டா அவங்க பொண்ணாயிடுவாளே. விருந்தாளின்னா என்னிக்காவது சொந்த வீட்டுக்குத் திரும்பணும்ல.

— எனக்கும் மனசு கேக்கல. ஆனா இதை நம்பி எவராவது இல்லாத உறவைத் தேடி அலைவாங்க. பத்து வீட்ல நேத்தே பேரை எடுத்துட்டேன், சரியா?

— உங்க வேலை அதுதானே. லேனரையும் எடுத்துடுங்க.

— அதை எடுக்கப் போறப்பதான் ஒரு மெயில் வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல இருக்கற ஒரு அம்மா, அந்த ரொட்டிக்கடைக் குடும்பம். உண்மையைச் சொல்லுங்க, அவங்களை உங்களுக்குத் தெரியுமா?

— ஆஸ்திரேலியாவுல எனக்கு ஒரு காக்காயைக்கூடத் தெரியாது.

— படிக்கறேன், கேளுங்க. 'என் அப்பாவின் அத்தை நெல்லி, சாகும்வரை ஒரு கதை சொல்வாள். யாரும் நம்பியதில்லை. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, கணக்கெடுப்பு நாளின் இரவில், தொப்பலாக நனைந்த ஒரு சின்னப் பெண் கதவைத் தட்டினாளாம். தலைமுடியில் கடற்பாசி. சூடாக ரொட்டி கொடுத்து, நெல்லியின் போர்வைக்குள் படுக்கவைத்தார்களாம். பெயர் லொவேனா என்றாளாம். உன்னை யார் இங்கே அனுப்பினார்கள் என்று கேட்டதற்கு, அப்பாதான் என் பேரை இந்த வீட்டில் எழுதியிருக்கிறார் என்றாளாம். விடிந்ததும் காணவில்லை. இன்று உங்கள் தளத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறேன். நெல்லி பொய் சொல்லவில்லை.' டென்சில், லேனர் வீட்ல அவ பேரை நான் எடுக்கல.

— அப்ப நேத்து, பத்து வீட்டுலேருந்தும் அவளை வெளிய அனுப்பிட்டீங்களா தாயி?