ஏழு மணி விளக்கு

டெல்பர்ட்: இடது பக்கம் கொஞ்சம் ஏத்து... இன்னும்... ஐயோ, அது வலது!

ரோசலி: யோவ், நீ வாசல்ல நிக்கறே, நான் உள்ள ஸ்டூல் மேல நிக்கறேன். உன் இடது எனக்கு வலதுதானே?

டெல்பர்ட்: சரி சரி, அப்படியே விடு... இரு. இது உன் வீட்டு சாப்பாட்டு ரூம் திரையாச்சே?

ரோசலி: பழசு.

டெல்பர்ட்: போன கிறிஸ்துமஸுக்குத் தெச்சது பழசா?

ரோசலி: அந்தப் பச்சை எனக்குப் புடிக்கல, போதுமா? ஜன்னல் அம்மணமா இருந்தா எவ வந்து வீடு வாங்குவா? உள்ள வந்து அந்தப் பின்கதவைத் தொற. ஸ்டான் செத்து மூணு வருஷமாச்சு, அவன் சுருட்டு வாசம் இன்னும் செவுத்தை விட்டுப் போகல.

டெல்பர்ட்: இருக்கட்டும் விடு. ஆள் வாழ்ந்த வீடுன்னு தெரியட்டும்.

ரோசலி: அந்தப் பொண்ணு பேரு என்னன்னு சொன்னே?

டெல்பர்ட்: ஜனெல். பாஸ்டன்லேர்ந்து வர்றா. நேத்தே காரை எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாளாம். ஸ்டானோட பையன் போன்ல சொன்னான்.

ரோசலி: பாஸ்டனை விட்டுட்டு நம்ம ஊருக்கா? என்ன தப்பு பண்ணினாளாம்?

டெல்பர்ட்: ஏதோ பட்டியல் போட்டிருக்கானாமே, செலவு கம்மியான ஊருங்கன்னு. அதுல நாம நாலாவது.

ரோசலி: நாலாவதா? அப்ப மொத மூணு ஊருல வீட்டை சும்மாவே குடுக்கறானா?

டெல்பர்ட்: சிரிக்காதே. இன்னிக்கு இந்தப் பொண்ணு வேணாம்னுட்டுப் போனா அவ்வளவுதான். காலியாவே கெடந்தா பனிக்கு முன்னாடி இடிச்சுடுவோம்னு நகராட்சிக்காரன் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டான்.

ரோசலி: நான் பாக்கலையே?

டெல்பர்ட்: கிழிச்சுட்டேன்.

ரோசலி: டெல்பர்ட்!

டெல்பர்ட்: பின்ன? வாசல்ல செவப்புக் காகிதம் தொங்கினா நல்லாவா இருக்கும்? இந்த வீடும் போச்சுன்னா உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல வெறும் புல்லுதான். நீ ராத்திரி கூப்பிட்டாக்கூட எனக்குக் கேக்காது.

ரோசலி: உனக்கு இப்ப மட்டும் கேக்குதாக்கும். சரி, மூஞ்சியைத் தூக்காதே. ஆமா, கராஜ்ல உன் புல்வெட்டுற மிஷின் நிக்குதே, ஏன்?

டெல்பர்ட்: அது... இங்கயே இருக்கட்டும். வர்றவங்களுக்கு ஆகும்.

ரோசலி: எனக்கே தொட்டுப் பாக்கக் குடுக்க மாட்டே. யாரோ முன்ன பின்ன தெரியாத பொண்ணுக்குத் தூக்கிக் குடுக்கறியா?

டெல்பர்ட்: நீ திரையைக் குடுக்கல?

ரோசலி: ஸ்டூலை நகத்து, எறங்கணும்.

டெல்பர்ட்: மெதுவா. அவ ஆஸ்பத்திரி பத்திக் கேட்டா என்ன சொல்லுவே?

ரோசலி: மூடிட்டாங்கன்னு சொல்லுவேன்.

டெல்பர்ட்: அப்படியே போட்டு ஒடைக்காதே! பிட்ஸ்பர்க்ல இல்லாத ஆஸ்பத்திரியான்னு சொல்லு.

ரோசலி: நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் காரோட்டிட்டுப் போய்ப் பாரு, அப்ப தெரியும்.

டெல்பர்ட்: ஏன், உனக்கு என்னாச்சு?

ரோசலி: எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்... கார் சத்தம் கேக்குது பாரு. போ, போய் நில்லு. சட்டையை உள்ள விடு!

ஜனெல்: வணக்கம்... இதுதானே அந்த வீடு? நான் ஜனெல்.

டெல்பர்ட்: வாங்கம்மா, வாங்க. நான் டெல்பர்ட், இந்தப் பக்கத்து வீடு. இவ ரோசலி, அந்தப் பக்கத்து வீடு. சாவி எங்கிட்டதான் இருக்கு, அதனால நான்தான் வீட்டுக்காரன் மாதிரி.

ரோசலி: வாய் மட்டும் வீட்டுக்காரன் மாதிரி. உள்ள வாம்மா.

ஜனெல்: வாசல்ல ஒரு நாற்காலி போட்டிருந்தது. நகத்திட்டுத்தான் காரை நிறுத்தினேன். யாருக்காவது எடம் புடிச்சு வெச்சிருக்கா?

ரோசலி: நல்லா கேளும்மா. தெருவுல ஒரு காரைக் காணோம், இவரு நாற்காலி போட்டு எடம் புடிக்கறாரு.

டெல்பர்ட்: எங்க ஊருல அப்படித்தான். வாசல்ல நாற்காலி கெடந்தா, வேலைக்குப் போனவன் திரும்பி வந்து வண்டியை நிறுத்துவான்னு அர்த்தம். வேற எவனும் தொட மாட்டான்.

ஜனெல்: ஐயோ, நான் தொட்டுட்டேனே.

டெல்பர்ட்: நீங்க தொடலாம். உங்களுக்காகத்தான் போட்டேன்.

ஜனெல்: நான் சும்மா ஒரு சுத்து சுத்திப் பாக்கட்டுமா?

டெல்பர்ட்: தாராளமா. மேல மூணு ரூம். கீழ ஒரு நெலவறை...

ரோசலி: பாத்து எறங்கும்மா, ரெண்டாவது படி ஆடும்... போயிட்டா. என்ன நெனைக்கறே?

டெல்பர்ட்: நல்ல பொண்ணாட்டம் இருக்கு. நாற்காலியை ஓரமா மடிச்சு வெச்சிருக்கா, பாத்தியா? தூக்கி எறியல.

ரோசலி: ரொம்ப எளைச்சுக் கெடக்கறா.

டெல்பர்ட்: உனக்கு எல்லாருமே எளைச்சுத்தான் கெடப்பாங்க.

ஜனெல்: சார்... கீழ ஒரு டாய்லெட் இருக்கு.

டெல்பர்ட்: ஆமா.

ஜனெல்: நட்ட நடுவுல. சுத்தி செவுரே இல்ல.

டெல்பர்ட்: ஆமா.

ஜனெல்: ... கட்டி முடிக்கலையா?

ரோசலி: அடக் கடவுளே. இது எஃகு ஆலைக்காரன் வீடும்மா. உடம்பெல்லாம் கரியா வருவான். நெலவறைக் கதவு வழியா உள்ள வந்து, அங்கயே எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு, குளிச்சுட்டுதான் மேல ஏறுவான். இல்லேன்னா பொண்டாட்டி தொடப்பத்தை எடுப்பா. தெருவுல எல்லா வீட்டுலயும் உண்டு.

டெல்பர்ட்: நான் என் வீட்டுல முப்பது வருஷம் அங்கதான் பேப்பர் படிச்சேன்.

ரோசலி: கேட்டாளா அவ? பீட்சா எடுத்துக்கோம்மா. நம்ம முக்குக் கடையில வாங்கினது.

ஜனெல்: நன்றி... மேடம், சீஸ் உருகவே இல்லையே. சுட வெக்கட்டுமா?

டெல்பர்ட்: ஐயையோ!

ரோசலி: பதறாதய்யா, அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரு பீட்சாவுல சீஸைக் கடைசியில பச்சையாத்தான் தூவுவாங்கம்மா. அப்படியே தின்னு பாரு.

ஜனெல்: ... நல்லாத்தான் இருக்கு.

டெல்பர்ட்: பாத்தியா ரோசலி? வீடு வித்துப் போச்சு.

ஜனெல்: சார், பாஸ்டன்ல நான் இருக்கறது ஒத்த ரூம். துணி தொவைக்கற மிஷின் அடுப்புக்குப் பக்கத்துல நிக்குது. அந்த ரூமுக்கு நான் ரெண்டு வருஷம் குடுக்கற வாடகையில இந்த வீட்டையே வாங்கிடலாம். வேலை எனக்குக் கம்ப்யூட்டர்லதான், எங்கேர்ந்தும் செய்யலாம். ஆனா கையில இருக்கற சேமிப்பு மொத்தமும் இதுல போயிடும். அதனால... மறைக்காம சொல்லுங்க. ஏன் இவ்வளவு மலிவு?

டெல்பர்ட்: ஊரே மலிவும்மா. வரி கம்மி, முடிவெட்டக் கம்மி, சர்ச்ல மீன் சாப்பாடு போட்டா வயிறு முட்டத் தின்னலாம், அதுவும்...

ரோசலி: ஆஸ்பத்திரி மூடிட்டாங்க.

டெல்பர்ட்: ரோசலி!

ரோசலி: சேமிப்பு மொத்தமும்னு சொல்றா, காதுல விழலையா? மளிகைக் கடையும் மூடியாச்சும்மா. முட்டை வாங்கணும்னாக்கூட காரெடுக்கணும். ஞாயித்துக்கெழமை பஸ் கெடையாது. குளிருக்கு வீட்டை சூடாக்கற கேஸ் பில்லு வர்றப்போ நீயே உக்காந்து அழுவே, பழைய ஜன்னல், காத்து நேரா உள்ள வருது. படிச்ச புள்ளைங்க ஒண்ணொண்ணா போயிட்டாங்க. வீடு மலிவா இருக்குன்னா, வேணாம்னு போனவங்க நெறைய பேருன்னு அர்த்தம்.

டெல்பர்ட்: முடிச்சுட்டியா? வேற ஏதாவது பாக்கி இருக்கா?

ரோசலி: நோட்டீஸைக் கிழிச்சது பாக்கி இருக்கு.

ஜனெல்: அது தெரியும் மேடம். வீட்டுக்காரர் பையன் சொல்லிட்டாரு.

டெல்பர்ட்: ... சொல்லிட்டானா?

ஜனெல்: இன்னொண்ணும் தெரியும். நான் நேத்து சாயங்காலமே இங்க வந்தேன்.

டெல்பர்ட்: நேத்தா?

ஜனெல்: வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி தெருவைப் பாக்கணும்னு தோணிச்சு. அந்தக் கோடியில காரை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். இருட்டிக்கிட்டு வந்தது. அப்ப ஜன்னல்ல விளக்கு எரிஞ்சுது.

டெல்பர்ட்: பின்ன? ஆள் இருந்தா விளக்கு எரியாதா?

ஜனெல்: ஆறு வீட்டுல சார். ஒரே நேரத்துல. டக்குன்னு. ஆறு குடும்பமும் ஒண்ணா எழுந்து போயி ஸ்விட்சைத் தட்டின மாதிரி.

ரோசலி: டெல்பர்ட்... எல்லாத்தையும் ஏழு மணிக்கே வெச்சியா?

டெல்பர்ட்: பாட்டரி விளக்குக்கு டைமர் இருந்தது. ஏழுன்னு திருப்பினேன். அடுத்ததையும் ஏழுன்னு திருப்பினேன். அவ்வளவுதான்.

ரோசலி: ஒரு வீட்டுக்காவது மாத்தி வெக்கணும்னு தோணலையா உனக்கு? முப்பது வருஷம் ஆலைச் சங்குக்கு எழுந்து எழுந்து, ஊரே ஒரே மணிக்குத்தான் அசையும்னு நெனப்பு!

டெல்பர்ட்: அப்ப அப்படித்தானே அசைஞ்சுது?

ரோசலி: மன்னிச்சுடும்மா. ஏமாத்தணும்னு இல்ல. காலி வீடுன்னு தெரிஞ்சா கண்ணாடியை ஒடைக்கறாங்க, செப்புக் குழாயை அறுத்துட்டுப் போறாங்க. அதான் இவன் விளக்கு வெக்கறான், புல்லு வெட்டறான். நான் செடிக்குத் தண்ணி ஊத்தறேன். தெருவுல ஆளுன்னு இருக்கறது நாங்க ரெண்டு பேருதான்.

ஜனெல்: நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க? நான் கார்ல உக்காந்து மொதல்ல சிரிச்சேன். அப்புறம் அழுகையா வந்துடுச்சு. ஆறு வருஷமா இருக்கேன் பாஸ்டன்ல, எதிர் வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியாது. போன டிசம்பர் குளிர்ல காய்ச்சலா நாலு நாள் கெடந்தேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. இங்க யாரோ ஒருத்தர், இல்லாதவங்க வீட்டுக்குக்கூட விளக்கேத்தி வெச்சிருக்காங்க. அதனால வெலையெல்லாம் நான் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். நீங்க ரெண்டு பேரும் இங்கதானே இருப்பீங்க?

டெல்பர்ட்: நாங்க... நாங்க எங்கம்மா போகப் போறோம்? ரோசலி இருக்கா. கதவைத் தட்டினா போதும், சூப்போட வந்து நிப்பா. அவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க, ராத்திரியில கார் ஓட்ட விடாதீங்க.

ரோசலி: டெல்பர்ட் இருக்கான். குழாய் ஒழுகினா கூப்பிடு, ஓடி வருவான். ஏணி மட்டும் ஏற விடாதே, முட்டி சரியில்ல.

ஜனெல்: அப்ப நான் வீட்டுக்காரர் பையனுக்குப் போன் பண்ணிடறேன். உள்ள சிக்னல் இல்ல, கார்கிட்ட போய்ப் பேசிட்டு வரேன்.

டெல்பர்ட்: பண்ணுங்க, பண்ணுங்க. நாற்காலியைத் திரும்பப் போட்டுடுங்க!

ரோசலி: ... வாங்கிட்டா.

டெல்பர்ட்: வாங்கிட்டா. நிம்மதி. இனிமே நீ தனியா இல்ல.

ரோசலி: அதையேதான் நானும் நெனச்சேன். இனிமே நீ தனியா இல்ல.

டெல்பர்ட்: ஹும்... கிளம்பலாமா? தட்டை எடுத்துக்கோ. இது என்ன பை?

ரோசலி: அது ஒண்ணுமில்ல, குடு.

டெல்பர்ட்: கனமா இருக்கு... விளக்கு. டைமர் விளக்கு. ஆறு வீட்டுக்கும் போட்டாச்சே, இது யாருக்கு?

ரோசலி: என் வீட்டுக்கு.

டெல்பர்ட்: உன் வீட்டுக்கு எதுக்கு? நீதான் இருக்கியே... ரோசலி, நீதான் இருக்கியே?

ரோசலி: எரீ ஊருல என் தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ஆஸ்பத்திரி அவ வீட்டுலேர்ந்து நடக்கற தூரம். எனக்கு நெஞ்சுல ரெண்டு ரத்தக் குழாய் அடைச்சிருக்காம். பனி விழறதுக்குள்ள போயிடணும். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்... இந்த வீட்டுக்கு யாராவது வந்துடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

டெல்பர்ட்: அந்தப் பொண்ணு கேட்டப்போ இருப்போம்னு சொன்னியே!

ரோசலி: நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்னே. டெல்பர்ட் இருக்கான்னுதான் நான் சொன்னேன். அது நெசம்தானே? உன்னை நம்பித்தான் அவளையும் விட்டுட்டுப் போறேன். கோவமா? ஏதாவது திட்டேன். இப்படி நின்னா எப்படி? சரி, இதை எத்தனை மணிக்கு வெக்கறதுன்னாவது சொல்லு. ஏழுக்கே வெச்சுடட்டுமா?

டெல்பர்ட்: ஏழு வேணாம், ரோசலி... கொலம்பஸ்ல இருக்கற என் மக வீட்டுக்கு நானும் போறேன். ஏழு மணி என் வீட்டுக்கு வெச்சுட்டேன்.