மூன்று மாதம் என்று நான் எழுதவில்லை

நின்ற நெஞ்சையும் நடக்க வைக்கும் நேர்த்தி கைவந்தவரும், இந்த அவையின் தலைமை நாற்காலிக்குப் பெருமை சேர்ப்பவருமான மூத்த அறுவை மருத்துவர் அவர்களே! மார்பில் தழும்போடும் முகத்தில் மலர்ச்சியோடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! அந்தத் தழும்புக்குத் துணையாக நின்று, மாத்திரை எடுத்துக் கொடுத்து, அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடந்து நடந்தே கால் தேய்ந்த தாய்மார்களே! என்னோடு வார்டில் நிற்கும் சகோதரிகளே! இருபத்தாறு ஆண்டுகளாக இதய அறுவை வார்டில் செவிலியாக இருக்கும் நான், உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். ஆளும் குள்ளம், குரலும் குள்ளம். இப்போது சரியா? நல்லது.

'பைபாஸுக்குப் பின் வளமான வாழ்வு' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். வளத்தைப் பற்றி எனக்கு முன் மூன்று பேர் அழகாகப் பேசிவிட்டார்கள். நானோ, வாழாமலே போன இரண்டு வருடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கைதட்ட வேண்டாம். கேட்டால் போதும்.

ஒரு தச்சர். ஐம்பத்தெட்டு வயது. கதவும் நிலையும் அலமாரியும் செய்கிற சொந்தப் பட்டறை. முழு நிலைச்சட்டத்தை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிய மனிதர். ஒரே மகள், கல்யாணமாகித் தூர தேசம் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவியும்தான்.

அவருக்கு மூன்று அடைப்பு. அறுவை முடிந்தது, பிழைத்தார், தேறினார். வீட்டுக்கு அனுப்பும் நாளும் வந்தது. அன்று என் வார்டிலிருந்து பதினோரு பேர் வீட்டுக்குப் போனார்கள். பதினோரு தாளிலும் எழுதியது என் கை. அவர் தாளில் எழுதினேன்: 'கனமான எதையும் தூக்கக் கூடாது.'

"தண்ணி கேன் கூடவா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"எதையும் தூக்காதீங்க ஐயா. தூக்கினா நெஞ்செலும்பு விட்டுடும்" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கிப்போய், பிளாஸ்டிக் உறை போட்டு, அடுக்களைச் சுவரில் மாட்டிவிட்டார்.

பிளந்த நெஞ்செலும்பு கூடிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கலாம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எழுதினேனா? எழுதவில்லை, அன்பர்களே, எழுதவில்லை!

பலகை தூக்காமல் பட்டறை உண்டா? மூடினார். ரம்பத்தையும் இழைப்புளியையும் கூட வேலை செய்தவரிடம் கொடுத்துவிட்டார். வீடு முதல் மாடி, பதினெட்டுப் படி. காய்கறிப் பையோ, கேஸ் சிலிண்டரோ, இருபது லிட்டர் தண்ணி கேனோ, எல்லாவற்றையும் அந்த அம்மாவே சுமந்தார். பின்னால் இவர் வெறுங்கையோடு ஏறினார். தெருமுனையில் டீ குடிப்பவர்கள் விடுவார்களா? "என்ன மாஸ்டர், அக்கா சுமக்கிறாங்க, நீங்க கையை வீசிக்கிட்டு வர்றீங்க? குடுத்து வச்சவரய்யா நீங்க!" வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து மனைவியோடு தெருவில் இறங்குவதை நிறுத்தினார். பிறகு தெருவில் இறங்குவதையே நிறுத்தினார்.

பரிசோதனைக்கு வரவில்லையா? தவறாமல் வந்தார். "வலி இருக்கா?" "இல்லைங்க." "மூச்சு வாங்குதா?" "இல்லைங்க." "எல்லாம் நல்லா இருக்கு, போய்ட்டு வாங்க." பொய்யில்லை. ஒட்டுப்போட்ட குழாய் மூன்றிலும் ரத்தம் தடையில்லாமல் ஓடியது. ஆனால் காலையில் எழுந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர் யார்? சன்னலோரம் நாற்காலி போட்டு, சாயங்காலம் ஆகட்டும் என்று காத்திருக்கிறீர்களா என்று கேட்டவர் யார்? மருத்துவர் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் கோழை என்று நினைப்பார்களோ என்று அவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் இப்படி.

ஒரு மழைக்காலை. படி ஈரம். தண்ணி கேனோடு ஏறிய அந்த அம்மா பதினான்காம் படியில் வழுக்கினார். இவர் மேலே கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். இவர் கண்ணெதிரே அந்த அம்மா விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் பார்த்தேன். அந்த அம்மாவின் ஸ்ட்ரெச்சரை நானே தள்ளினேன். "ஐயா, அம்மாவோட துணிப்பையை எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். அவர் அசையவில்லை.

"நான் எதையும் தூக்கக் கூடாது சிஸ்டர். நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

மருத்துவமனை என்றதும் கையோடு கொண்டுவந்திருந்த தன் பழைய மருத்துவக் கோப்பைத் திறந்து காட்டினார். அடுக்களைச் சுவரிலிருந்து கழற்றி வைத்த அதே பிளாஸ்டிக் உறைக்குள் என் கையெழுத்து.

"ஐயா... அது மூணு மாசத்துக்குத்தான்."

தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "மூணு மாசம்னு எங்க போட்டிருக்கு?"

என் கண்ணும் அந்தத் தாளில் தேடியது. எங்குமே போடவில்லை.

"அப்ப, அந்தத் தண்ணி கேனை நானே தூக்கியிருக்கலாமா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

வலியில் முனகிக்கொண்டிருந்த அந்த அம்மா சொன்னார்: "விடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்."

தச்சர் குனிந்தார். அந்தப் பையை எடுத்தார். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். எக்ஸ்ரே முடிந்து மனைவி வெளியே வரும்வரை கீழே வைக்கவே இல்லை.

தாய்மார்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். இனி அப்படித்தான். கீழ்த்தளத்துக்குக் குடிமாறினார்கள். இப்போது தண்ணீர் சுமப்பது தச்சர்தான். போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க சிஸ்டர். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மனைவி உட்கார முக்காலி ஒன்று செய்ய முயன்றிருக்கிறார், கால்கள் ஒத்துவரவில்லை. "ரெண்டு வருஷம் சும்மா இருந்த கை. கோடு நேரா வரல" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அடைப்பை நீக்கினோம், அச்சத்தை நீக்கினோமா? குழாயை மாற்றினோம், குடும்பத்தைக் கேட்டோமா? உயிரைக் கொடுத்தோம் என்று ஊரறியச் சொல்கிறோம், அந்த உயிரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், பார்த்தோமா? இப்போது எங்கள் வார்டில் 'கூடாது' என்ற ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் 'எதுவரை' என்று எழுதாமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. என் பேச்சைக் கேட்டு நாளைக்கே மூட்டை தூக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு நெஞ்சும் ஒவ்வொரு விதம். ஆனால் கேளுங்கள்! 'எத்தனை நாளைக்கு?' என்று கேட்காமல் வாசற்படி தாண்டாதீர்கள்!

என்ன ஐயா, மூன்றாம் வரிசையில்? "எனக்கும் அதே தாள்தான்" என்கிறீர்களா? எத்தனை வருடமாக? ஐந்தா?

பெரியோர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். எப்போது முடியும் என்று தெரியாத தடையோடு இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், வெட்கப்படாமல் கையை உயர்த்துங்கள்.

…

தலைவர் அவர்களே, நான் எழுதிக்கொண்டு வந்த முடிவுரை பையிலேயே இருக்கட்டும். ஐயாமார்களே, கையை இறக்கிவிடாதீர்கள், தலைவரே எழுந்து எண்ணுகிறார், எண்ணி முடிக்கட்டும். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. அந்தத் தச்சருக்கும் அவர் மனைவிக்கும் இங்கிருந்தே என் வணக்கம்.